யூடியூபா, சொந்த ஹோஸ்டிங்கா, ஸ்ட்ரீமிங்கா? கடலோரத் தளங்களில் வீடியோ வைக்கும் வழிகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஹோம்ஸ்டே நடத்துபவருக்குத் தன் இணையதளத்தின் முகப்பில் ட்ரோன் வீடியோ ஓட வேண்டும், ஆனால் யூடியூப் லோகோ தெரியக்கூடாது. கீழக்கரையிலிருந்து கேட்பவரிடம் பல வருடத்துப் பயான் (இஸ்லாமியச் சொற்பொழிவு) பதிவுகள் இருக்கின்றன. துபாயில் இருக்கும் பிள்ளைகளும் கேட்க வேண்டும், எங்கே வைப்பது என்கிறார். தங்கச்சிமடத்தில் கருவாடு விற்கும் பெண்கள் குழு ஐபோனில் எடுத்துப் போட்ட வீடியோ, சிலருடைய கணினியில் சத்தம் மட்டும் வருகிறது, படம் கறுப்பு. சிக்கல் ஆளுக்கு ஆள் வேறு. கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்றே: "எந்த பிளேயர் போடலாம்?"

பிளாஷ், ரியல் பிளேயர் காலத்தில் அது சரியான கேள்வி. அப்போது உலாவிக்கு வீடியோவே தெரியாது. செருகுநிரல்தான் (பிளகின்) கோப்பைப் பிரித்துப் படமாக்கும் தன் டிகோடரையும் தூக்கிக்கொண்டு வரும். செருகுநிரலை மாற்றினால் ஓடும் ஃபார்மேட்டும் மாறும். எச்டிஎம்எல்5 2014 அக்டோபரில் முறையான தரமானது, பிளாஷ் 2020 டிசம்பர் 31ஓடு முடிந்துபோனது. இன்றைக்கு வீடியோ.ஜேஎஸ், ப்ளைர், வேர்ட்பிரஸ்ஸோடு வரும் மீடியாஎலிமென்ட் என்று எதை எடுத்தாலும், அவை செய்வது பெரும்பாலும் பொத்தான்களை அழகாக வரைவதுதான். படத்தைப் பிரித்துக் காட்டுவது பார்ப்பவரின் உலாவியும் அவர் போனில் இருக்கும் சிப்பும். ஓடாத கோப்பை எந்த பிளேயருக்குள் வைத்தாலும் ஓடாது. ஆகவே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது வேறு: கோப்பு எங்கே இருக்கும், எப்படிப் போய்ச் சேரும், அதன் செலவு யார் தலையில் விழும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் சிக்னல். ராமநாதபுரம் டவுனில் உட்கார்ந்து பிராட்பேண்டில் சோதித்துவிட்டு "நல்லா ஓடுது" என்று சொல்வதில் பயனில்லை. வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் கரையை ஒட்டி நடந்தால் போனில் கோடு ஏறும், இறங்கும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நிற்கும் பயணியின் போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்து "வரவேற்கிறோம்" என்று செய்தி காட்டுவதும் உண்டு. அந்த நேரத்தில் உங்கள் தளம் திறந்தாலே பெரிய விஷயம்.

அடுத்தது பார்ப்பவரின் கருவி. உள்ளூர்க்காரரிடம் நாலைந்து வருடத்து விலை குறைந்த ஆண்ட்ராய்டு. வளைகுடாவில் இருக்கும் உறவினரிடம் ஐபோனாக இருக்கலாம். அரசு அலுவலகத்தில் பழைய கணினி. மூன்றிலும் ஓட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, உங்கள் பணம் மட்டும் கணக்கில்லை. பார்ப்பவரின் டேட்டாவும் செலவு. தளத்தைப் பார்த்துக்கொள்பவரின் நேரமும் செலவு. அப்புறம் கட்டுப்பாடு: உங்கள் வீடியோவுக்கு முன்னால் யாருடைய விளம்பரம் வருகிறது, அதை யார் நினைத்தால் எடுத்துவிட முடியும். கடைசியாக, யாரும் முதலில் யோசிக்காத ஒன்று: தளத்தைச் செய்துகொடுத்த தம்பி சென்னைக்கு வேலைக்குப் போன பிறகும் இது ஓடுமா?

## ஃபார்மேட்: இதில் குழம்ப வேண்டாம்

எந்த வழியில் போனாலும் இது பொது என்பதால் முதலிலேயே முடித்துவிடலாம். எம்பி4 என்பது வெறும் ஐஸ் பெட்டி. உள்ளே இருப்பது சூடை மீனா சீலா மீனா என்பதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோப்பின் பெயர் எம்பி4 என்று முடிந்தாலும், உள்ளே எந்த கோடெக் (படத்தையும் ஒலியையும் சுருக்கி விரிக்கும் முறை) என்பதுதான் ஓடுமா ஓடாதா என்று தீர்மானிக்கிறது.

படத்துக்கு எச்.264, ஒலிக்கு ஏஏசி, பெட்டி எம்பி4. 2003இல் வந்த இந்த எச்.264தான் இன்றும் எல்லாக் கருவியிலும் ஓடுவது. கருவாட்டுக் குழுவின் கறுப்புப் படத்துக்குக் காரணம், ஐபோன்கள் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இயல்பாகவே எச்இவிசி என்கிற எச்.265இல் பதிவு செய்வது. சஃபாரியில் அது ஓடும். குரோம் 2022 முதல்தான் அதை ஏற்கிறது, அதுவும் கருவியின் வன்பொருள் துணை செய்தால். ஐபோன் அமைப்புகளில் கேமராவுக்குள் போய் ஃபார்மேட்ஸ் என்ற இடத்தில் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்று மாற்றிவிட்டால் இனி எடுப்பவை எச்.264இல் வரும். எடுத்து முடித்தவற்றை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம்.

வெப்எம், விபி9, ஏவி1 போன்ற புதிய வகைகள் எல்லாம் கோப்பைச் சிறிதாக்கும், உண்மைதான். ஆனால் ஏவி1ஐ ஐபோன் 15 புரோவுக்கு முந்தைய ஐபோன்களின் சிப் பிரிக்காது. இரண்டு வகைக் கோப்பும் வைத்து, உலாவி தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விடலாம். ஒரு சின்னத் தளத்துக்கு அந்த உழைப்பு தேவையில்லை என்பது என் கருத்து. கல்யாண வீடியோகாரர் பென்டிரைவில் தரும், எடிட்டிங்குக்கான பெரிய புரோரெஸ் எம்ஓவி கோப்பை அப்படியே ஏற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ எங்கேயும் ஓடும், ஏனென்றால் அது ஏற்கெனவே எச்.264 ஆக்கப்பட்டிருக்கும், தரம்தான் போயிருக்கும். வாட்ஸ்அப் குரல் பதிவு அப்படியில்லை. அது ஓப்பஸ் கோடெக், ஆக் பெட்டி. பழைய ஐபோன்களில் வாய் திறக்காது. எம்பி3 ஆக மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

## கடல் நீர் தரும் தொல்லை

உலகத்தில் எங்கோ எழுதிய வழிகாட்டிகளில் "720பி வீடியோவுக்கு இவ்வளவு பிட்ரேட் போதும்" என்று ஒரு கணக்கு இருக்கும் (720பி என்பது படத்தின் உயரம் 720 புள்ளி; பிட்ரேட் என்பது ஒரு வினாடிக்குச் செலவாகும் டேட்டா). அதை நம்பி பாம்பன் பாலத்து வீடியோவை மாற்றினால் கடல் முழுக்கக் கட்டம் கட்டமாக உடையும். ஒருவர் உட்கார்ந்து பேசுகிற வீடியோவில் ஒரு சட்டத்துக்கும் (ஃபிரேம்) அடுத்த சட்டத்துக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான்; கோடெக் அந்த வித்தியாசத்தை மட்டும் எழுதி மிச்சம் பிடிக்கிறது. வெயில் பட்டு மினுங்கும் அலையில் ஒவ்வொரு புள்ளியும் தன் பாட்டுக்கு மாறும். முந்தைய சட்டத்தை வைத்து அடுத்ததை ஊகிக்கவே முடியாது. அதனால் அதே பிட்ரேட்டில் முகம் தெளிவாகவும் கடல் கூழாகவும் வரும்.

இதற்கு மூன்று வழி. பிட்ரேட்டை நிலையாக வைக்காமல் தரத்தை நிலையாக வையுங்கள். ஹேண்ட்பிரேக்கில் ஆர்எஃப் என்ற தர எண்ணை 22, 23 அளவில் விட்டால் கடல் வரும் இடத்தில் தானே கூடுதலாக எடுத்துக்கொள்ளும், மற்ற இடத்தில் குறைக்கும். கோப்பு கொஞ்சம் பெருக்கும், தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ட்ரோன் வினாடிக்கு 60 சட்டத்தில் எடுத்திருந்தால் 30 ஆக்குங்கள். எல்லாவற்றையும் விட, படம் முழுக்கத் தண்ணீராக வரும் காட்சியை வெட்டுங்கள். கரை, வல்லம், பாலம் என்று அசையாத ஏதாவது சட்டத்தில் பாதியை அடைத்தால் கோடெக்குக்கும் நல்லது, பார்ப்பவருக்கும் நல்லது. இந்தத் தொல்லை யூடியூபிலும் உண்டு. அங்கே மறுபடி சுருக்குவது அவர்கள், பிட்ரேட் உங்கள் கையில் இல்லை.

கச்சான் காற்றில் போன் மைக்கில் பதிந்த ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அதை எந்த ஃபார்மேட்டும் காப்பாற்றாது.

## வழி ஒன்று: யூடியூபில் ஏற்றி, உங்கள் பக்கத்தில் பதிப்பது

சிக்னல் என்ற அளவுகோலில் இதை அடிக்க ஆளில்லை. நீங்கள் ஒரு கோப்பைக் கொடுத்தால் 144பி தொடங்கிப் பல அளவுகளில் செய்து வைத்துக்கொண்டு, பார்ப்பவரின் வேகத்துக்குத் தக்கபடி நடுவிலேயே மாற்றிக் கொடுக்கிறது. ஃபார்மேட் கவலையும் இல்லை. எச்இவிசி கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். காசு கிடையாது.

மறைமுகச் செலவு பல. பக்கத்தில் பதித்த யூடியூப் பெட்டி, யாரும் பொத்தானைத் தொடாமலே, பல நூறு கேபி நிரலை இறக்குகிறது. ஒரே பக்கத்தில் நாலைந்து போட்டால் பழைய ஆண்ட்ராய்டு போன் திணறும். இதற்கு மருந்து எளிது: முதலில் ஒரு படமும் பொத்தானும் மட்டும் காட்டி, தொட்ட பிறகே உண்மையான பிளேயரை அழைப்பது. லைட் யூடியூப் எம்பெட் என்ற சிறிய இலவச நிரல் இதைச் செய்கிறது. யூடியூப் பதிக்கிறவர்கள் எல்லாருமே இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

விளம்பரம் அடுத்தது. 2021 முதல் இந்தியா உட்பட எல்லா நாடுகளிலும், வருமானத் திட்டத்தில் சேராத சேனல்களின் வீடியோவிலும் விளம்பரம் காட்டலாம் என்று யூடியூப் விதியை மாற்றிக்கொண்டது. உங்கள் விடுதி வீடியோவுக்கு முன்னால் வேறொரு விடுதியின் விளம்பரம் வந்தால் கேட்க முடியாது. முடிந்ததும் வரும் பரிந்துரைகளை முழுதாக நிறுத்தும் வழியும் 2018 செப்டம்பரோடு போய்விட்டது. அந்த அமைப்பைப் போட்டால் இப்போது உங்கள் சேனலின் வீடியோக்களையே காட்டும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு வீடியோவாவது சேனலில் கூடுதலாக வைத்திருந்தால் அதுவே லாபம்.

பெரிய ஆபத்து பாட்டு. சந்தனக்கூடு, தேர்பவனி, பள்ளி ஆண்டு விழா எதுவானாலும் பின்னணியில் சினிமாப் பாட்டு ஒலித்திருந்தால் உரிமைக்கோரல் வரும். சில நேரம் ஒலி போகும், சில நேரம் குறிப்பிட்ட நாடுகளில் மட்டும் வீடியோ தடுக்கப்படும். ஊரில் ஓடுகிற வீடியோ மஸ்கட்டில் ஓடவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

## வழி இரண்டு: சொந்த ஹோஸ்டிங்கில் எம்பி4

உங்கள் தளம் இருக்கும் சர்வரிலேயே (ஹோஸ்டிங்) கோப்பை வைத்து, எச்டிஎம்எல்லின் வீடியோ குறிச்சொல்லில் அதன் முகவரியைக் கொடுத்தால் முடிந்தது. விளம்பரம் இல்லை, பரிந்துரை இல்லை, யாரும் எடுக்க முடியாது. இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற வீடியோ ஒன்றிரண்டு என்றால் எனக்குப் பிடித்த வழி இதுதான்.

கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். வினாடிக்கு 2 மெகாபிட்டில் மூன்று நிமிட வீடியோ 45 எம்பி. ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால் 45 ஜிபி. "அன்லிமிடெட்" என்று விற்கும் பகிர்வு ஹோஸ்டிங்கின் விதிமுறைகளைக் கடைசி வரை படித்தால், நியாயமான பயன்பாடு என்ற ஒரு வரி எங்காவது இருக்கும். வீடியோ வாட்ஸ்அப்பில் பரவுகிற அன்றைக்குத்தான் அந்த வரிக்கு உயிர் வரும். கூட்டம் வரும் நாளில் தளமே படுக்கும்.

வேகத்துக்குத் தக்கபடி தரம் மாறுவதும் இதில் கிடையாது. ஆகவே 720பிக்குப் பதில் 480பி வைப்பது இந்தக் கரைக்குப் பொருத்தம். போன் திரையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

தொழில்நுட்ப விஷயத்தில் மூன்று இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஹேண்ட்பிரேக்கில் "வெப் ஆப்டிமைஸ்டு" என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். கோப்பின் குறிப்பேடு போன்ற பகுதி கடைசியில் கிடந்தால் உலாவி அதைத் தேடி அலைந்த பிறகே வீடியோ தொடங்கும். டிக் போட்டால் அது முன்னால் வந்துவிடும். இரண்டாவது, சர்வர் கோப்பைத் துண்டு துண்டாகக் கொடுக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சஃபாரியில் ஓடவே ஓடாது, குரோமில் ஓடும், ஆள் குழம்பிப்போவார். மூன்றாவது, முன்கூட்டி இறக்காதே என்று குறிச்சொல்லில் சொல்லி, ஒரு முகப்புப் படத்தை வைக்க வேண்டும். பார்க்காதவர் டேட்டா வீணாகாது.

முகப்பில் தானாக ஓடும் வீடியோ கேட்கிறவர்களுக்கு: 2018இல் குரோம் 66 வந்ததிலிருந்து சத்தத்தோடு தானாக ஓடுவதை உலாவிகள் விடுவதில்லை. சத்தத்தை அணைத்தால் விடும். ஐபோனில் பக்கத்துக்குள்ளேயே ஓட "ப்ளேஸ்இன்லைன்" என்ற பண்பும் வேண்டும், இல்லையேல் முழுத்திரைக்குத் தாவும். இத்தனையும் செய்து, கேட்காதவரின் டேட்டாவில் 10 எம்பியை எடுப்பதற்குப் பதில் ஒரு நல்ல புகைப்படம் போதும் என்று நான் சொல்வேன். கேட்பவர்கள் குறைவு.

## வழி மூன்று: எச்எல்எஸ், கட்டணச் சேவை

2009இல் ஆப்பிள் கொண்டுவந்த முறை எச்எல்எஸ். வீடியோவைச் சில வினாடித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் பல தரத்தில் வைத்து, பிளேயர் சிக்னலைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். யூடியூபின் பலம் உங்கள் கையில், விளம்பரம் இல்லாமல். இங்கேதான் பிளேயர் நூலகத்துக்கு உண்மையான வேலை: சஃபாரி எச்எல்எஸ்ஸைத் தானே புரிந்துகொள்ளும், கணினியில் உள்ள மற்ற பல உலாவிகளுக்கு எச்எல்எஸ்.ஜேஎஸ் போன்ற நிரல் வேண்டும். வீடியோ.ஜேஎஸ்ஸில் அது உள்ளேயே வருகிறது.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் தெரிந்தவர் துண்டுகளைத் தாமே செய்யலாம். தெரியாதவருக்கு வீமியோ மாதிரிக் கட்டணச் சேவைகள். இங்கே மறைந்திருக்கும் செலவு மாதக் கட்டணத்தில் இல்லை, கட்டும் முறையில். பல சேவைகள் டாலரில், கார்டில் எடுக்கும். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பிடித்தம் பற்றிய விதி நடைமுறைக்கு வந்தபின், வெளிநாட்டு நிறுவனத்தின் மாதாந்தரப் பிடித்தம் நம் கார்டில் தோற்றுப்போவது சாதாரணமானது. பணம் போகாவிட்டால் வீடியோ நிற்கும். தளத்தில் காலிப் பெட்டி. யாராவது மாதா மாதம் கவனிக்கிற இடம் என்றால் மட்டும் இதற்குள் போங்கள்.

## வழி நான்கு: படத்தை விட்டு ஒலி மட்டும்

யாரும் கேட்பதில்லை, ஆனால் பலருக்கு இதுதான் சரியான விடை. பயான், மறையுரை, வானிலைச் சொல், பழைய ஆட்களின் பேச்சு இவற்றில் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒற்றை ஒலித்தடத்தில் 64 கிலோபிட் எம்பி3 ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி வரும். மேலே சொன்ன 2 மெகாபிட் வீடியோ அதே ஒரு மணி நேரத்துக்கு 900 எம்பி.

இன்னொரு வித்தியாசம்: ஆடியோ குறிச்சொல்லில் ஓடும் ஒலி, போன் திரையை அணைத்தாலும் பொதுவாகத் தொடரும். பதித்த யூடியூப் நின்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறவர் திரையைப் பார்க்கப் போவதில்லை, காதில் கேட்பார். பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே இயங்குகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். வேலை செய்துகொண்டே கேட்கும் பழக்கம் இந்தக் கரைக்குப் புதிதில்லை.

எம்பி3இன் காப்புரிமைகள் 2017இலேயே காலாவதியாகிவிட்டன; அது ஓடாத போன் இல்லை. குறைந்த பிட்ரேட்டில் ஓப்பஸ் இன்னும் தெளிவு, ஆனால் பழைய ஐபோன் தொல்லைக்காக நான் எம்பி3ஐ விடுவதில்லை. நேரலை ஒலி பதிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தளம் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ், ஒலி வரும் முகவரி பழைய எச்டிடிபி என்றால் 2020 முதல் குரோம் அதை எச்டிடிபிஎஸ் ஆக மாற்றிக் கேட்டுப் பார்க்கும், கிடைக்காவிட்டால் தடுத்துவிடும். பிளேயர் பழுது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இதுதான்.

## தள்ளிவிடக்கூடியவை

கூகுள் டிரைவிலிருந்து பதிப்பது: பலர் பார்த்தால் அளவு மீறிவிட்டது என்று பூட்டிக்கொள்ளும். ஃபேஸ்புக் வீடியோ: பதிவிட்டவர் தனியுரிமை அமைப்பை மாற்றினால் உங்கள் பக்கத்தில் ஓட்டை விழும். இன்டர்நெட் ஆர்க்கைவ் பழைய கேசட் பதிவுகளைப் பாதுகாக்க நல்ல இடம், இலவசம், எச்.264, எம்பி3 ஆகத் தானே மாற்றியும் வைக்கும். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது: 2017இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் சினிமா உரிமை வழக்கொன்றில் இந்தியாவில் அந்தத் தளமே தடுக்கப்பட்டது, 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலில் சில நாள் முடங்கியது.

## ஒரே பார்வையில்

| | யூடியூப் | சொந்த எம்பி4 | எச்எல்எஸ் / கட்டணச் சேவை | ஒலி மட்டும் |
|---|---|---|---|---|
| மோசமான சிக்னல் | நன்று | மோசம், 480பி என்றால் சுமார் | நன்று | மிக நன்று |
| ஃபார்மேட் வேலை | இல்லை | உங்கள் பொறுப்பு | சேவை செய்யும் | எம்பி3 ஆக்கினால் போதும் |
| பணம் | இல்லை | கூட்டம் வந்தால் எகிறும் | மாதா மாதம் | சொற்பம் |
| பக்கத்தின் பளு | அதிகம், தொட்டபின் ஏற்றினால் குறைவு | குறைவு | நடுத்தரம் | மிகக் குறைவு |
| கட்டுப்பாடு | குறைவு | முழுமை | ஏறக்குறைய முழுமை | முழுமை |
| கவனிக்க ஆள் இல்லாவிட்டால் | ஓடும் | ஓடும் | நிற்கலாம் | ஓடும் |

## யாருக்கு எது

மண்டபம் ஹோம்ஸ்டேக்கு: முகப்பில் புகைப்படம். அதற்குக் கீழே ஒரு நிமிட 480பி எம்பி4, தொட்டால் ஓடட்டும். லோகோ தெரியாது, ஹோஸ்டிங் அனுப்பும் டேட்டாவும் அடங்கும். அறைகளைச் சுற்றிக் காட்டும் நீள வீடியோ இருந்தால் அது யூடியூபுக்கு, அங்கே தேடி வருகிறவர்களும் இருப்பார்கள்.

கருவாட்டுக் குழுவுக்கு: யூடியூப், தொட்டபின் ஏற்றும் முறையில். அவர்கள் நேரம் பாக்கெட் கட்டுவதில் போகட்டும், கோடெக்கில் வேண்டாம். ஐபோன் அமைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள், வாடிக்கையாளருக்கு நேரே அனுப்பும் வீடியோவாவது ஓடும்.

பயான் பதிவுகளுக்கு: ஒலி மட்டும், எம்பி3, சொந்த ஹோஸ்டிங். மூலப் பதிவுகளை ஆர்க்கைவில் ஒரு பிரதி, வீட்டில் ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி. ஒரு பக்கத்தில் நூறு பதிவு அடுக்கினால் முன்கூட்டி இறக்காதே என்பதை மறக்க வேண்டாம்.

பாடம் நடத்துபவர், பணம் வாங்கிக்கொண்டு வீடியோ காட்டுபவர், மணிக்கணக்கில் திருவிழா வைத்திருப்பவர் இவர்களுக்குத்தான் எச்எல்எஸ். அதிலும் திருவிழா இலவசமாகக் காட்டப்போவது என்றால், பாட்டு வரும் இடங்களில் ஒலியைக் குறைத்துவிட்டு யூடியூபே போதும்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு பழைய ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன், ஃபயர்பாக்ஸ் உள்ள ஒரு கணினி மூன்றிலும் திறந்து பாருங்கள். போனில் வைஃபையை அணைத்துவிட்டு, முடிந்தால் கடற்கரையில் நின்று.